அஸ்தம்பட்டி மதிலுக்குள் ஒரு பள்ளிக்கூடம்
சிறைக் கல்வி கடந்து வந்த பாதை

சாமல்பட்டியில் ரயில் ஏறினால் மொரப்பூர், பொம்மிடி தாண்டிச் சேலம். நம் பக்கத்துக் குடும்பங்கள் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வரும் இதே தடத்தில்தான், சிறையில் இருப்பவரைக் காண, ‘மனு பார்க்க’வும் போய்வந்திருக்கின்றன. மடியில் ஒரு பை, பைக்குள் துவைத்த சட்டை, சோப்பு, பிஸ்கட் பொட்டலம் என்று ஜன்னலோரம் பேசாமல் அமர்ந்திருக்கும் அம்மாக்களை இந்த ஊர் அறியும். அவர்கள் போய்ச் சேரும் இடத்துக்குப் பேச்சுவழக்கில் ‘அஸ்தம்பட்டி ஜெயில்’ என்று பெயர். அந்த மதிலுக்குள் ஒரு பள்ளிக்கூடமும் உண்டு என்பதைப் பலர் பிறகுதான் தெரிந்துகொண்டார்கள். சேலத்தில் மட்டுமல்ல, தமிழகத்தின் எல்லா மத்தியச் சிறைகளிலும் அப்படி ஒரு பள்ளி வளர்ந்து நிற்கிறது. அந்தப் பள்ளி எப்படி வந்தது, யார் யார் தோள்கொடுத்தார்கள் என்பதை வரிசையாகச் சொல்லிவைப்பது இம்மலரின் கடமை.

தொடக்கம் இருட்டிலிருந்துதான். 1830இல் வேலூரிலும் 1837இல் சென்னையிலும் பெருஞ்சிறைகள் எழுந்தன. அந்நாளைய ஆட்சியாளர்களுக்குச் சிறை என்பது அஞ்சவைக்கும் இடம் மட்டுமே. மெக்காலே இடம்பெற்ற சிறை ஒழுங்குக் குழு 1838இல் அறிக்கை தந்தபோது, கைதிக்குக் கல்வியோ நீதிபோதனையோ தேவையில்லை என்று தெளிவாகவே ஒதுக்கிவிட்டது. பள்ளிக்கூடங்களில் ஆங்கிலக் கல்வியை நிறுவ முனைந்து நின்ற அதே மெக்காலேயின் காலத்தில், சிறைக் கதவு கல்விக்கு அடைக்கப்பட்டது. சிறைக் கல்விப் பணி அந்த அடைத்த கதவின் முன்னிருந்துதான் தொடங்கியது.

1862இல் சேலம் மத்தியச் சிறை அமைந்தது. அன்று கிருஷ்ணகிரி, ஓசூர், ஊத்தங்கரை எல்லாம் சேலம் மாவட்டத்துக்குள் அடங்கியவை. 1965இல் தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. 2004 பிப்ரவரி 9இல் கிருஷ்ணகிரி மாவட்டம் பிறந்தது. கலெக்டர் அலுவலகம் இரண்டு முறை இடம்மாறியும் நமக்கு மத்தியச் சிறை என்றால் சேலம்தான் என்ற வழக்கம் நின்றுவிட்டதற்கு அதுவே காரணம். கோவை மத்தியச் சிறை அதற்குப் பத்தாண்டுகள் கழித்து, 1872இல் வந்தது.

முதல் வெளிச்சம் சிறுவர்கள் பக்கமிருந்து வந்தது. 1887இல் செங்கல்பட்டில் சீர்திருத்தப் பள்ளி தொடங்கப்பட்டது. குற்றம் செய்த சிறுவனைப் பெரிய கைதிகளோடு அடைத்தால் அவன் தேர்ந்த குற்றவாளியாகத்தான் வெளியே வருவான் என்ற எளிய உண்மை அங்கே ஒப்புக்கொள்ளப்பட்டது. எழுத்தும் கைத்தொழிலும் ஒரே கூரையின் கீழ் கற்பிக்கப்பட்டன. இன்று நாம் சிறைக் கல்வி என்று சொல்வதன் விதை அது. 1894இல் வந்த சிறைகள் சட்டம் பெரும்பாலும் காவலையும் ஒழுங்கையும் பற்றியே பேசியது. ஆயினும் பின்னாளில் மாகாணங்கள் வகுத்த விதிகளுக்கு அதுவே அடித்தளமாக இருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் சிறைக்குள் ஆசிரியர்கள் வந்தார்கள். அரசு அனுப்பிய ஆசிரியர்கள் அல்லர், அரசால் தண்டிக்கப்பட்டவர்கள். 1908இல் தண்டிக்கப்பட்ட வ.உ.சிதம்பரனார் கோவைச் சிறையில் செக்கிழுத்தார். உடல் நொந்த அந்த ஆண்டுகளிலேயே ஜேம்ஸ் ஆலனின் நூலை ‘மனம்போல வாழ்வு’ என்று தமிழாக்கினார். கண்ணனூர்ச் சிறையில் இருந்தபோது உடனிருந்த கைதிகளுக்கு நீதி நூல்களைச் சொல்லிக்கொடுத்தார். கரும்பலகை கிடையாது, சம்பளம் கிடையாது, கற்பிப்பவருக்கே விடுதலை கிடையாது. தமிழ்நாட்டுச் சிறைக் கல்விக்கு ஒரு முன்னோடி ஆசிரியரைச் சொல்ல வேண்டுமானால் நாம் பெருமையோடு சொல்லும் பெயர் அவருடையதே.

அவரோடு தண்டனை பெற்ற சுப்பிரமணிய சிவா நம் பகுதிக்கு இன்னும் நெருங்கியவர். திருச்சி, சேலம் சிறைகளில் இருந்து தொழுநோயோடு 1912 நவம்பரில் வெளியே வந்தார். வந்தவர் கையில் எடுத்தது எழுதுகோல். மறு ஆண்டே ‘ஞானபாநு’ இதழைத் தொடங்கினார். நோயைக் காரணம் காட்டி அவரை ரயிலில் ஏற்ற மறுத்தார்கள். நடந்தும் கட்டைவண்டியிலுமாக ஊர் ஊராகப் போய்ப் பேசினார். பாப்பாரப்பட்டியில் பாரதமாதா ஆசிரமம் கண்டு, 1925 ஜூலை 23இல் அங்கேயே மறைந்தார். சேலம் சிறை ஒரு மனிதரின் உடலை எடுத்துக்கொண்டது, எழுத்தை எடுக்க முடியவில்லை. தருமபுரிச் சீமையில் சிறைக் கல்வியைப் பற்றிப் பேசும் எந்தக் கூட்டமும் அவரை நினைக்காமல் தொடங்குவதில்லை.

1920கள் சட்டங்களின் காலம். சென்னை மாகாணத்தில் பணியாற்றிய சர் அலெக்சாண்டர் கார்டியூ தலைமையிலான இந்தியச் சிறைகள் குழு 1919-20இல் நாடு முழுவதும் சிறைகளைப் பார்வையிட்டது. அந்தமானுக்கும் வெளிநாடுகளுக்கும்கூடப் போய்வந்தது. சிறை நிர்வாகத்தின் நோக்கம் கைதியைத் திருத்தி மறுபடி சமூகத்தில் சேர்ப்பது என்று இந்தியாவில் முதன்முதலாக உறுதியாக எழுதியது அந்தக் குழுவே. 1838இல் அடைத்த கதவு எண்பது ஆண்டுகள் கழித்துத் திறந்தது. 1920இல் சென்னை மாகாணம் குழந்தைகள் சட்டத்தை இயற்றியது. நாட்டிலேயே அத்தகைய முதல் சட்டம் அது. அடுத்து இளங்குற்றவாளிகளுக்கான 1925ஆம் ஆண்டு பார்ஸ்டல் பள்ளிகள் சட்டம். வங்கமும் பம்பாயும் 1928, 1929இல்தான் அந்த வழிக்கு வந்தன. தஞ்சாவூரிலும் பாளையங்கோட்டையிலும் இயங்கிய பார்ஸ்டல் பள்ளிகளின் வழிவந்ததே இன்றைய புதுக்கோட்டைப் பள்ளி. ‘சிறை’ என்ற சொல்லை எடுத்துவிட்டுப் ‘பள்ளி’ என்று பலகை மாட்டியதே அந்நாளில் பெரிய மாற்றம்.

அதே காலத்தில் ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் பிறந்து சேலத்தில் வக்கீலாகவும் நகராட்சித் தலைவராகவும் இருந்த ராஜாஜி, 1921 டிசம்பரில் வேலூர்ச் சிறைக்குள் போனார். மூன்று மாதங்கள். அங்கே அவர் எழுதிய நாட்குறிப்பு பின்னர் நூலாக வந்தது. சட்டம் படித்த ஒருவர் சிறையின் உள்ளிருந்து சாதாரணக் கைதியின் சோற்றையும் தனிமையையும் கண்டு எழுதியது அந்தத் தலைமுறைக்குப் பெரிய பாடம். 1937இல் அவரே மாகாணப் பிரதமரானார். சென்னை மாகாண நன்னடத்தைச் சட்டமும் அந்தப் பத்தாண்டில் பிறந்தது. முதல் முறை தவறியவனைச் சிறைக்கு அனுப்பாமல் கண்காணிப்பில் விட்டுத் திருத்தலாம் என்ற இக்கொள்கை, 1958இல் மத்திய சட்டமாக நாடெங்கும் பரவுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே நம் மாகாணத்தில் வேர்விட்டிருந்தது.

விடுதலைக்குப் பின் வந்த முதல் பத்தாண்டு சோதனையோடு தொடங்கியது. 1950 பிப்ரவரி 11இல் சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்டுக் கைதிகள் உயிரிழந்தார்கள். அந்த நாளை நினைவுகூராமல் சேலம் சிறையின் வரலாற்றை எழுதுவது நேர்மையாகாது. அந்த மதிலுக்குள் புத்தகத்தோடும் சிலேட்டோடும் பின்னர் நடந்துபோன ஒவ்வொருவரும் அந்த மண்ணின் மேல்தான் நடந்தார்கள். அதன்பின் காற்று மெல்ல மாறியது. 1951-52இல் ஐக்கிய நாடுகள் சபையின் வல்லுநர் வால்டர் ரெக்லஸ் இந்தியச் சிறைகளை ஆய்ந்து, திருத்தும் பணிக்குப் பயிற்சி பெற்ற அலுவலர்கள் வேண்டும் என்று வலியுறுத்தினார். 1955இல் ஐக்கிய நாடுகள் சபையின் குறைந்தபட்ச நெறிகள் வந்தன. கல்வி, கைதிக்குக் காட்டும் தயவு என்ற நிலையிலிருந்து அவனுக்கு உரிய நடைமுறை என்ற நிலைக்கு உயர்ந்தது.

1970களில் நீதிமன்றம் கைகொடுத்தது. சென்னையில் சட்டம் படித்தவரும், 1957இல் கேரளத்தில் அமைச்சராகச் சிறைத்துறையைக் கவனித்தவருமான நீதிபதி வி.ஆர்.கிருஷ்ண ஐயர், உச்ச நீதிமன்றத்தில் 1977இல் கியாசுத்தீன் வழக்கிலும், 1978இலும் 1980இலும் சுனில் பத்ரா வழக்குகளிலும் தந்த தீர்ப்புகள் தண்டனையின் பொருளையே மாற்றி எழுதின. சிறைக்குள் போனவன் மனிதன் என்ற தகுதியை வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போவதில்லை என்பதே அவற்றின் சாரம். 1979இல் வேலூரில் சிறை மற்றும் சீர்திருத்த நிர்வாகப் பயிற்சிக் கழகம் தொடங்கப்பட்டது. தமிழகம், ஆந்திரம், கர்நாடகம், கேரளம் ஆகிய நான்கு மாநிலங்களும் கூடி நடத்திவந்த அக்கழகம் நம் மண்ணில் அமைந்தது நமக்குப் பெருமை. எல்லைக்கு அந்தப்பக்கத்துக் கன்னட அலுவலரும் இந்தப்பக்கத்துத் தமிழ் அலுவலரும் ஒரே வகுப்பில் அமர்ந்து பயின்றது அங்கேதான்.

1980களில் நீதிபதி ஏ.என்.முல்லா தலைமையிலான அனைத்திந்தியக் குழு மூன்றாண்டுகள் உழைத்து, 1983இல் பரிந்துரைகளை அளித்தது. அதே 1983இல் தமிழ்நாடு சிறை விதிகளும் வெளிவந்தன. 1990களில் அறிவொளி இயக்கம் ஊர் ஊராகப் பரவியபோது அதன் வெளிச்சம் மதிலைத் தாண்டியும் விழுந்தது. படித்த கைதி படிக்காத கைதிக்குச் சொல்லிக்கொடுக்கும் முறை உறுதிப்பட்டது. தில்லி திகார் சிறையில் கிரண் பேடி அதிகாரியாக இருந்த காலத்தில் இதே முறை நாடறிந்த செய்தியாயிற்று.

இந்த வகுப்புகளில் என்ன நடக்கிறது என்பதை வெளியே இருப்பவர்களுக்கு ஒரு முறையாவது காட்ட வேண்டும். காலையில் கணக்கெடுப்பு முடிந்து, வேலைக்குப் போகிறவர்கள் வேலைக்குப் போனபின் வகுப்பு கூடும். நாற்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் தரையில் சம்மணமிட்டு, சிலேட்டைத் தொடையில் சாய்த்துப் பிடித்திருப்பார். கல்லுடைத்துக் காய்த்த விரல்களுக்குள் பல்பம் நிற்காது. அழுத்தினால் ஒடியும், தளர்த்தினால் வழுக்கும். அவருக்கு ‘அ’ முதல் பாடமல்ல. தன் பெயரின் முதல் எழுத்தே முதல் பாடம். இத்தனை நாளும் கைதுக் குறிப்பிலும் வாக்குமூலத்திலும் வக்காலத்திலும் இடதுகைக் கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்தவர் அவர். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் வைத்த ரேகைகள் அவை. சில வாரங்கள் கழித்துச் சிறைக்கூலிப் பதிவேடு அவர் முன் வரும்போது மைப்பெட்டியைத் தள்ளிவைத்துவிட்டுப் பேனாவைக் கேட்பார். கையெழுத்து கோணலாக இருக்கும், கட்டத்துக்கு வெளியே ஓடும். அன்று மாலை லாக்கப் ஆகும்வரை அந்த பிளாக்கில் அதுவே பேச்சாக இருக்கும்.

அடுத்த பாடம் கடிதம். பிறர் எழுதித் தரும் கடிதத்தில் மனைவிக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியாது. தானே எழுதக் கற்றவனின் கடிதம் வீட்டை அவனோடு கட்டிவைக்கிறது. வீடு காத்திருக்கிறது என்று தெரிந்தவன் மறுபடி தவறத் தயங்குவான். சிறைக் கல்வி மறுகுற்றத்தைக் குறைப்பது எப்படி என்று கேட்பவர்களுக்கு நம் ஆசிரியர்கள் சொல்லிவந்த முதல் விடை இதுதான். இரண்டாவது விடை, கையில் ஒரு சான்றிதழ். ஓசூரில் சிப்காட் வந்து ஆலைகள் பெருகியபின் ஃபிட்டர், வெல்டர் என்று ஒரு தாள் இருந்தால் வேலைக்கு விண்ணப்பமாவது போடலாம். அந்தத் தாள் இல்லாதவனை வாசலில் எதிர்கொண்டு அழைப்பது பழைய கூட்டாளிதான். மூன்றாவது விடை, நாள்தோறும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து ஒன்றை முடிக்கும் பழக்கம். பள்ளியை ஐந்தாம் வகுப்போடு விட்டவர்களுக்கு வாழ்வில் முதன்முதலாக வாய்த்த பழக்கம் அது.

இரண்டாயிரத்துக்குப் பின் பள்ளி, கல்லூரியாக வளர்ந்தது. 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது; இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் சிறைகளில் கல்வி மையங்களை ஏற்படுத்திக் கட்டணமின்றிப் படிக்க வழிசெய்தது. 2003இல் மாதிரிச் சிறைக் கையேடு வந்தது. 2006இல் சென்னை மத்தியச் சிறை புழலுக்கு மாறியது. மகாத்மா காந்தி பெயரில் சமுதாயக் கல்லூரிகள் மத்தியச் சிறைகளில் உருவாயின. திருச்சி மத்தியச் சிறைக்குள்ளேயே தொழிற்பயிற்சி நிலையம் இயங்குகிறது. அரசுப் பொதுத்தேர்வு நாட்களில் சிறைக்குள்ளேயே தேர்வு மையம் அமைக்கும் ஏற்பாடும் வழக்கமாயிற்று. வெளியே பிள்ளை பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத, உள்ளே தகப்பனும் அதே நாளில் அதே வினாத்தாளை எழுதிய குடும்பங்கள் உண்டு. அவர்கள் பெயரைச் சொல்லாமல் அவர்களை வணங்குகிறோம்.

2012இல் நம் ரயில் தடத்தின் அடுத்த முனையான ஜோலார்பேட்டையைச் சேர்ந்த பேரறிவாளன், வேலூர்ச் சிறையிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதி 1200க்கு 1096 மதிப்பெண் பெற்றார். அந்த ஆண்டு சிறைகளிலிருந்து எழுதியவர்களில் அதுவே முதலிடம். சிறையிலிருந்தே கணினிப் பட்டங்களையும் முடித்தார். 2022 மே 18இல் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தபோது, நன்னடத்தையோடு அவர் சிறையில் பெற்ற கல்வித் தகுதிகளையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. அவரது வழக்கைப் பற்றி நாட்டில் பல கருத்துகள் உண்டு. அவை இம்மலருக்குரியவை அல்ல. சிறைப் பள்ளியின் மதிப்பெண் பட்டியலை நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் ஒரு சான்றாக எடுத்துப் பார்த்தது என்பதே நாம் இங்கே பதிவு செய்ய விரும்பும் செய்தி.

நம் ஆசிரியர்கள் அனுபவத்தால் அறிந்திருந்ததை உலகம் கணக்குப் போட்டும் பார்த்தது. அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் 2013இல் வெளியிட்ட ஆய்வு, அந்நாட்டில் அதுவரை நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. சிறையில் கல்வி பெற்றவர்கள் மறுபடி குற்றப் பாதைக்குத் திரும்பும் சாத்தியம், பெறாதவர்களைவிட 43 சதவீதம் குறைவு என்று அது கண்டது. சிறைக் கல்விக்குச் செலவிடும் ஒவ்வொரு டாலரும், மறுபடி சிறைவைக்கும் செலவில் மூன்றாண்டுகளுக்குள் நான்கைந்து டாலரை மிச்சப்படுத்துகிறது என்றும் சொன்னது. 2015இல் ஐக்கிய நாடுகள் சபை தன் பழைய நெறிகளைப் புதுப்பித்து அவற்றுக்கு நெல்சன் மண்டேலாவின் பெயரைச் சூட்டியது. ராபன் தீவில் கல்லுடைத்துக்கொண்டே அஞ்சல் வழியில் சட்டம் படித்தவர் அவர். எழுத்தறியாத கைதிகளுக்கும் இளங்கைதிகளுக்கும் கல்வி கட்டாயம் என்று அந்நெறிகள் கூறுகின்றன.

கல்வியோடு தொழிலும் கைகோத்தது. வேலூரில் காவலர்களுக்கான காலணி தைப்பது நெடுநாள் பெருமை. சிறைவாசிகள் செய்யும் பொருள்கள் ‘ஃப்ரீடம்’ என்ற பெயரில் சிறை அங்காடிகளில் விற்பனைக்கு வந்தன. அதே பெயரில் இந்தியன் ஆயில் நிறுவனத்தோடு சேர்ந்து பெட்ரோல் பங்குகள் திறக்கப்பட்டன. சிறைவாசிகளே அங்கே பொதுமக்களுக்கு எரிபொருள் நிரப்பிக் காசு வாங்கி மீதி கொடுக்கிறார்கள். கல்லாவைத் தொட விடக்கூடாது என்று ஊர் சொன்ன கைகளில் கல்லாவே ஒப்படைக்கப்பட்டது. 2023இல் புழலில் பெண் சிறைவாசிகள் மட்டுமே நடத்தும் பங்கும் வந்தது.

இப்பத்தாண்டில் துறையின் பெயரே ‘சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறை’ என்று வழங்குகிறது. பள்ளிக் கல்வித் துறையோடு இணைந்து சிறைவாசிகளுக்கான சிறப்பு எழுத்தறிவுத் திட்டம் நடக்கிறது. 2023 ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் ‘கூண்டுக்குள் வானம்’ என்ற அரங்கை அமைத்துச் சிறை நூலகங்களுக்காகச் சிறைத்துறை நூல் கொடை கேட்டது. வாங்கிய பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து வைத்துவிட்டுப் போனவர்கள் ஆயிரக்கணக்கானோர். மெக்காலே காலத்தில் எழுத்துக்கு இடமில்லை என்ற சிறைக்கு, இன்று மக்களே புத்தகம் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். ஏறத்தாழ 190 ஆண்டுகளில் நாம் கடந்துவந்த தூரம் அது.

விழா மலர் என்றால் பழைய மாணவர்களின் படங்கள் பக்கம் பக்கமாக இருக்கும். இந்த மலரில் அப்படி ஒரு பக்கம் இல்லை. நம் மாணவர்கள் இன்று எங்கோ மாந்தோப்பில், கிரானைட் பட்டறையில், சிப்காட் ஷிப்டில் யாருக்கும் தெரியாமல் பிழைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படித் தெரியாமல் இருப்பதே நம் பள்ளியின் தேர்ச்சி விகிதம். தமிழர் வீட்டில் யாரும் ‘போறேன்’ என்று சொல்லிக் கிளம்புவதில்லை. ‘போயிட்டு வரேன்’ என்பதே மரபு. சிறை வாசலில் மட்டும் அந்த மரபு தலைகீழ். விடுதலையாகிறவன் ‘போறேன் சார்’ என்று மட்டும் சொல்ல வேண்டும், திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். அந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான் அங்கே ஒவ்வோர் ஆசிரியரும் பல்பத்தோடு நிற்கிறார்.

இந்த மலரைப் படிக்கும் அன்பர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். ஓசூர்ப் புத்தகத் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் போகிறவர்கள் நாம். அடுத்த முறை உங்களுக்கென்று வாங்கும்போது சிறை நூலகத்துக்கென்றும் ஒன்று வாங்குங்கள். நம் எல்லைப்புறத்து ஆட்கள் அங்கே இருப்பதால் தமிழோடு தெலுங்கு, கன்னடம், உருதுப் புத்தகங்களும் வேண்டும். எழுத்து பெரிதாக, வரி சிறிதாக இருக்கட்டும். புதிதாகப் படிக்கக் கற்றவர் கையில் அது போய்ச் சேரும்.